சர்மோலி

சர்மோலி இந்தியாவின் உத்தராகண்டம் மாநிலத்தில், பித்தோராகட் மாவட்டத்தின் முன்சியாரி வட்டத்தில் அமைந்துள்ள ஒரு மலைச் சிற்றூர் ஆகும். இது முன்சியாரி கடைத்தெருவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் உள்ளது. ஊரின் கிழக்கே, கோரி கங்கை ஆற்றின் பள்ளத்தாக்கிற்கு அப்பால், பஞ்சசூலி எனப்படும் ஐந்து பனிச்சிகரங்கள் நேர் எதிரே தெரிகின்றன.

ஹோம்ஸ்டே என்று பரவலாக அறியப்படும் வீட்டுத்தங்கல் முறையால் சர்மோலி புகழ்பெற்றது. 2004 ஆம் ஆண்டு முதல் இவ்வூர்ப் பெண்கள் தங்கள் வீடுகளில் பயணிகளைத் தங்கவைத்து உணவளித்து வருகின்றனர். இம்முயற்சி ஊரின் பொதுக்காட்டைப் பேணும் பணியுடன் இணைத்துத் தொடங்கப்பட்டது என்பது இதன் சிறப்பாகும். 2023 ஆம் ஆண்டில் இந்திய அரசின் சுற்றுலா அமைச்சகம் சர்மோலியைச் சிறந்த சுற்றுலாக் கிராமமாகத் தேர்ந்தெடுத்தது.

அமைவிடம்

சர்மோலி, குமாவோன் பகுதியின் வடகிழக்கில், இந்தியா, நேபாளம், திபெத்து ஆகிய மூன்றின் எல்லைகளுக்கு அருகிலுள்ள மாவட்டத்தில் அமைந்துள்ளது. மிலம் பனியாற்றில் தோன்றும் கோரி கங்கை தெற்கு நோக்கிப் பாய்ந்து, ஜௌல்ஜீபி என்னும் இடத்தில் காளி ஆற்றுடன் கலக்கிறது. காளி ஆறு இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இடையே எல்லையாக அமைகிறது. கோரி கங்கையின் மேற்பகுதி ஜோகார் பள்ளத்தாக்கு என்று அழைக்கப்படுகிறது. முன்சியாரியும் அதனை ஒட்டிய சர்மோலியும் இப்பள்ளத்தாக்கின் நுழைவாயிலில், ஆற்றின் மேற்குச் சரிவில் உள்ளன.

முன்சியாரி என்னும் பெயருக்குப் பனி உள்ள இடம் என்று பொருள் கூறப்படுகிறது. ஊரின் பின்புறம் மேற்குத் திசையில் மலை உயர்ந்து சென்று காலியா முகட்டில் முடிகிறது. வயல்களும் வீடுகளும் படிப்படியாக அமைந்த சரிவில் உள்ளன. அவற்றுக்கு மேலே காடும், காட்டுக்கும் மேலே புல்வெளியும் அமைந்துள்ளன.

வரலாறு

ஜோகார் பள்ளத்தாக்கின் முதன்மையான மக்கள் சௌகாக்கள் ஆவர். இவர்கள் போட்டியா என்னும் பொதுப்பெயராலும் குறிக்கப்படுகின்றனர். 1967 ஆம் ஆண்டில் போட்டியாக்கள் பட்டியல் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டனர்.

சௌகாக்கள் பல நூற்றாண்டுகளாகத் திபெத்துடன் வணிகம் செய்து வந்தனர். கோடைகாலத்தில் மிலம், புர்பு, மார்த்தோலி முதலிய உயர்மலை ஊர்களில் வாழ்ந்து, அங்கிருந்து உந்தா தூரா கணவாய் வழியாகத் திபெத்துச் சந்தைகளுக்குச் சென்றனர். தானியம், வெல்லம், துணி ஆகியவற்றைக் கொண்டு சென்று, உப்பு, கம்பளி, வெண்காரம் ஆகியவற்றைப் பெற்று வந்தனர். ஆடுகளின் முதுகில் சிறு பொதிகளைக் கட்டி ஏற்றிச் செல்வது வழக்கமாக இருந்தது. குளிர்காலத்தில் மேலூர்கள் பனியால் மூடப்பட்டதும் மக்கள் தாழ்வான ஊர்களுக்கு இறங்கி வந்தனர். முன்சியாரி இப்பயணத்தின் இடைநிலையாக விளங்கியது.

1962 ஆம் ஆண்டின் இந்திய-சீனப் போருக்குப் பின் எல்லை மூடப்பட்டது. வணிகம் முற்றிலும் நின்றது. காளி ஆற்றுப் பகுதியிலுள்ள லிப்புலேக் கணவாய் வழியான எல்லை வணிகம் 1992 ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கியபோதும், ஜோகார் வழி திறக்கப்படவில்லை. மிலம் உள்ளிட்ட மேலூர்களின் பெரும்பாலான வீடுகள் கைவிடப்பட்டு இடிந்தன. பலர் முன்சியாரியைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலையாகக் குடியேறினர். வேறு பலர் அரசுப் பணிகளை நாடிச் சமவெளிக்குச் சென்றனர். வணிகத்தை இழந்த குடும்பங்களுக்கு வேளாண்மை, கால்நடை, காடு ஆகியவை முன்னிலும் இன்றியமையாதவையாக ஆயின.

நில அளவையாளர்கள்

நிலவியல் ஆய்வு வரலாற்றில் மிலம் ஊருக்குத் தனியிடம் உண்டு. பிரித்தானியர் திபெத்துக்குள் நுழைய இயலாத 19 ஆம் நூற்றாண்டில், அவ்வழிகளையும் மொழியையும் அறிந்த ஜோகார் மக்களை இந்திய நில அளவைத் துறை பயிற்றுவித்து அனுப்பியது. இவர்கள் பண்டிதர்கள் எனப்பட்டனர். மிலத்தைச் சேர்ந்த நயின் சிங் ராவத் 1865 ஆம் ஆண்டில் காத்மாண்டு வழியாகப் புறப்பட்டு 1866 சனவரியில் லாசாவை அடைந்தார். லாசாவின் அமைவிடத்தையும் உயரத்தையும் அவர் கணித்தார்.

நயின் சிங் சீரான அளவில் அடியெடுத்து வைத்து நடக்கப் பயிற்சி பெற்றிருந்தார். வழக்கமான 108 மணிகளுக்கு மாறாக 100 மணிகள் கொண்ட செபமாலையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நூறு அடிக்கும் ஒரு மணியை நகர்த்தித் தொலைவைக் கணக்கிட்டார். குறிப்புகளைப் பௌத்தர்கள் சுழற்றும் வழிபாட்டு உருளைக்குள் மறைத்து வைத்தார். நீர் கொதிக்கும் வெப்பநிலையைக் கொண்டு உயரத்தை அறிந்தார். 1874-75 இல் லே நகரிலிருந்து லாசாவுக்கு மற்றொரு பயணம் மேற்கொண்டார். 1877 ஆம் ஆண்டில் இலண்டனின் அரச புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 2004 இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. அவருடைய உறவினரான கிசன் சிங்கும் புகழ்பெற்ற அளவையாளர் ஆவார்.

ஊர்க்காடு

சர்மோலியின் பொதுக்காடு சர்மோலி-ஜைந்தி வன பஞ்சாயத்தின் பொறுப்பில் உள்ளது. வன பஞ்சாயத்து என்பது காட்டின் மீது உரிமையுள்ள குடும்பங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு குழு ஆகும். அதன் தலைவர் சர்பஞ்ச் எனப்படுவார்.

இவ்வமைப்பு ஒரு போராட்டத்தின் விளைவாகத் தோன்றியது. 1911 முதல் 1917 வரையான காலத்தில் பிரித்தானிய அரசு குமாவோன் காடுகளின் பெரும்பகுதியைக் காப்புக்காடுகளாக அறிவித்து, மக்களின் மேய்ச்சல், விறகு, புல் உரிமைகளைக் கட்டுப்படுத்தியது. இதனை எதிர்த்து 1921 ஆம் ஆண்டில் மக்கள் பல இடங்களில் காடுகளுக்குத் தீ வைத்தனர். அதனைத் தொடர்ந்து குறைகேட்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அக்குழுவின் பரிந்துரைகளின் வழியே 1931 ஆம் ஆண்டில் வன பஞ்சாயத்து விதிகள் இயற்றப்பட்டன. இன்று உத்தராகண்டத்தில் 11,000க்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் உள்ளன. பின்னாளில் செய்யப்பட்ட விதித் திருத்தங்கள் வனத்துறையின் கட்டுப்பாட்டை மிகுவித்து ஊராரின் அதிகாரத்தைக் குறைத்தன என்னும் திறனாய்வும் உண்டு.

மலையூர்களில் காட்டுடன் நாள்தோறும் தொடர்புடையவர்கள் பெண்களே. கால்நடைகளுக்குப் புல்லும் தழையும் கொண்டு வருதல், விறகு பொறுக்குதல், எருவிற்காக உதிர்ந்த இலைகளைத் திரட்டுதல் ஆகியவை அவர்களின் பணிகள் ஆகும். புல் அறுப்பதற்குரிய காலத்தை ஊரார் கூடி முடிவு செய்வதும், மற்றக் காலங்களில் காட்டை மூடி வைப்பதும் வன பஞ்சாயத்துகளின் மரபான நடைமுறைகளாகும். சர்மோலியின் நீரும் காட்டைச் சார்ந்தது. மேற்சரிவிலுள்ள ஓக் மரக்காடு மழைநீரையும் பனிநீரையும் மண்ணில் தேக்கி ஊற்றுகளாக வெளியிடுகிறது.

வீட்டுத்தங்கல்

தொடக்கம்

மலையேறுநரும் சமூகச் செயற்பாட்டாளருமான மல்லிகா விர்தி 2003 ஆம் ஆண்டில் சர்மோலி-ஜைந்தி வன பஞ்சாயத்தின் சர்பஞ்சாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இப்பகுதியில் மாட்டி சங்கதன் என்னும் பெண்கள் அமைப்பு ஏற்கெனவே மதுவிற்கும் குடும்ப வன்முறைக்கும் எதிராகச் செயல்பட்டு வந்தது. காட்டைப் பேணும் பெண்களுக்கு அக்காட்டின் அழகாலேயே ஒரு வருவாய் கிடைக்க வேண்டும் என்னும் எண்ணத்தில் 2004 ஆம் ஆண்டில் வீட்டுத்தங்கல் தொடங்கப்பட்டது. மரத்தை வெட்டாமல், மூலிகையை அகழாமல், காடு நிலைத்திருப்பதாலேயே வருவாய் பெறலாம் என்பதே இதன் அடிப்படை ஆகும்.

நடைமுறை

பயணிகள் தனி விடுதியில் அல்லாமல் குடும்பத்தினர் வாழும் வீட்டின் ஓர் அறையில் தங்குகின்றனர். குடும்பத்தினர் உண்ணும் உணவே விருந்தினருக்கும் வழங்கப்படுகிறது. வீட்டை நடத்துபவரும் வருவாயைப் பெறுபவரும் பெரும்பாலும் பெண்களே. வருவாயின் ஒரு பகுதி ஊர்ப் பொதுக்காட்டின் பராமரிப்பிற்கு ஒதுக்கப்படுகிறது. ஊர் இளைஞர்கள் மலையேற்ற வழிகாட்டிகளாகவும் பறவை நோக்கலில் தேர்ச்சி பெற்றவர்களாகவும் பயிற்சி பெற்றுள்ளனர்.

உத்தராகண்ட அரசு 2018 ஆம் ஆண்டில் தீன்தயாள் உபாத்யாய வீட்டுத்தங்கல் திட்டத்தை அறிவித்து மாநிலம் முழுவதும் இம்முறையை ஊக்குவித்தது. 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றின் காரணமாக நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது பயணிகள் வரத்து அடியோடு நின்றது. வயல்களையும் கால்நடைகளையும் கைவிடாத குடும்பங்களுக்கு அவையே அப்போது துணையாயின. சுற்றுலா வேளாண்மைக்கு மாற்றாக அல்லாமல் துணைத்தொழிலாகவே இருக்க வேண்டும் என்னும் கருத்துக்கு இந்நிகழ்வு வலுச்சேர்த்தது.

திரைப்படத்தில்

முன்சியாரிப் பகுதியில் படமாக்கப்பட்டு, 2021 ஆம் ஆண்டு சன்டான்சு திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட ஃபயர் இன் தி மவுண்டன்சு என்னும் இந்தித் திரைப்படத்தின் கதைத்தலைவி, வீட்டுத்தங்கல் நடத்தும் ஒரு மலையூர்ப் பெண் ஆவார். சாலை வசதியற்ற ஊரில் நடக்க இயலாத மகனை மருத்துவத்திற்குச் சுமந்து செல்லும் தாயின் நிலையை அது காட்டுகிறது. இதனை இயக்கியவர் அஜித்பால் சிங்.

காணத்தக்க இடங்கள்

பஞ்சசூலி

பஞ்சசூலி என்பதற்கு ஐந்து அடுப்புகள் என்று பொருள். பாண்டவர்கள் விண்ணுலகம் புகுவதற்கு முன் கடைசியாக உணவு சமைத்த ஐந்து அடுப்புகளே இச்சிகரங்களாயின என்று கூறப்படுகிறது. இம்மலைத்தொடர் கோரி கங்கைப் பள்ளத்தாக்கையும் தார்மா பள்ளத்தாக்கையும் பிரிக்கிறது. ஐந்தில் உயரமானது 6,904 மீட்டர் உயரமுடைய பஞ்சசூலி 2 ஆகும். இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையினர் 1973 ஆம் ஆண்டில் முதன்முதலாக இதன் உச்சியை அடைந்தனர்.

1992 ஆம் ஆண்டில் கிறிசு போனிங்டன், அரீசு கபாடியா ஆகியோர் தலைமையிலான இந்திய-பிரித்தானியக் குழு 6,437 மீட்டர் உயரமுடைய பஞ்சசூலி 5 இல் முதன்முதலாக ஏறியது. இறங்கும்போது கயிறு பிணைத்த பிடிப்பு கழன்று குழுவினரான இசுடீபன் வெனபிள்சு விழுந்து கால்கள் முறிந்தன. பின்னர் அவர் உலங்கு வானூர்தி மூலம் மீட்கப்பட்டார்.

சிகரங்கள் கிழக்கே உள்ளதால் காலையில் கதிரவன் அவற்றின் பின்னிருந்து எழுகிறான். அவ்வேளையில் அவை நிழலுருவாகத் தெரிகின்றன. மாலையில் மேற்கிலிருந்து வரும் ஒளி நேராகப் படுவதால் பனி பொன்னிறமாகவும் பின்னர் செந்நிறமாகவும் மாறுகிறது. எனவே பஞ்சசூலியைக் காண மாலையே ஏற்ற நேரமாகக் கருதப்படுகிறது. பிற்பகலில் முகில் சூழ்ந்து மறைப்பதும் உண்டு.

மகேசுவரி குண்டம்

மகேசுவரி குண்டம் ஊருக்கு மேலே காட்டினுள் அமைந்த சிறிய குளம் ஆகும். உள்ளூர் மக்கள் இதனை மேசர் குண்டம் என்பர். சிறிது நேர நடையில் இதனை அடையலாம். இக்குளத்தில் வாழ்ந்த ஓர் இயக்கன் ஊர்த்தலைவரின் மகள் மீது காதல் கொண்டான் என்றும், சினமுற்ற ஊரார் குளத்தை வற்றச் செய்தனர் என்றும், அவனது சாபத்தால் ஊரில் பல ஆண்டுகள் வறட்சி நிலவியது என்றும், பின்னர் ஊரார் மன்னிப்பு வேண்டியபின் மழை பெய்தது என்றும் கதை வழங்குகிறது. நீர்நிலையை அழித்தால் ஊர் வாடும் என்னும் கருத்து இக்கதையில் பொதிந்துள்ளது. வன பஞ்சாயத்தினர் குளத்தைச் சீரமைத்தனர். மேசர் வன கௌதிக் என்னும் காட்டுத் திருவிழா இங்கு நடத்தப்படுகிறது.

நந்தா தேவி கோயில்

முன்சியாரியிலிருந்து சுமார் 3 கி.மீ தொலைவில், பள்ளத்தாக்கை நோக்கி நீண்டிருக்கும் ஒரு மலைத்திட்டில் இக்கோயில் உள்ளது. குமாவோன், கட்வால் ஆகிய இரு பகுதிகளுக்கும் நந்தா தேவி காவல் தெய்வம் ஆவார். கோயிலைச் சூழ்ந்த புல்வெளியிலிருந்து கோரி கங்கைப் பள்ளத்தாக்கை முழுமையாகக் காணலாம்.

பழங்குடி மரபு அருங்காட்சியகம்

வரலாற்றாய்வாளர் சேர் சிங் பாங்தே முன்சியாரியில் நிறுவிய அருங்காட்சியகம் இது. சௌகாக்களின் ஆடைகள், அணிகலன்கள், கம்பளி நெசவுக் கருவிகள், மரப்பாத்திரங்கள், திபெத்து வணிகத்துடன் தொடர்புடைய பொருட்கள் ஆகியவை இங்கு வைக்கப்பட்டுள்ளன. மேலூர்களுக்குச் செல்ல இயலாதவர்கள் ஜோகார் வாழ்க்கையை அறிந்துகொள்ள இது உதவுகிறது.

பிற இடங்கள்

தர்கோட்: முன்சியாரியிலிருந்து மத்கோட் செல்லும் சாலையில் உள்ள பழைய சௌகா ஊர். செதுக்கு வேலைப்பாடுள்ள மரக்கதவுகளையும் பலகணிகளையும் கொண்ட வீடுகளுக்கும், கம்பளிச் சால்வைகளுக்கும் பெயர்பெற்றது.

மத்கோட்: சுமார் 22 கி.மீ தொலைவில் கோரி கங்கைக் கரையில் உள்ளது. இங்குள்ள வெந்நீர் ஊற்றுகளில் நீராடினால் தோல் நோய்களும் மூட்டு வலியும் நீங்கும் என்பது மக்கள் நம்பிக்கை.

காளாமுனி: தல் நகரிலிருந்து வரும் சாலை முன்சியாரிக்குள் இறங்குவதற்கு முன் கடக்கும் உயரமான முகடு. சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்விடத்தில் காளி கோயில் ஒன்று உள்ளது. வேண்டுதல் நிறைவேறியவர்கள் கட்டிய மணிகள் கோயிலில் தொங்குகின்றன. சமவெளியிலிருந்து வரும் பயணிகள் பஞ்சசூலியை முழுமையாகக் காண்பது பெரும்பாலும் இங்கிருந்தே ஆகும்.

பிர்த்தி அருவி: முன்சியாரியிலிருந்து சுமார் 35 கி.மீ தொலைவில் அதே சாலையில் உள்ளது. சுமார் 125 மீட்டர் உயரத்திலிருந்து விழும் இவ்வருவியைச் சாலையிலிருந்தே காணலாம். மழைக்காலத்திற்குப் பின் நீர்வரத்து மிகுதியாக இருக்கும்.

வெளிப்புற நடவடிக்கைகள்

காலியா முகடு

சர்மோலியில் தங்கும் பயணிகள் பெரிதும் மேற்கொள்ளும் ஒருநாள் மலையேற்றம் இது. தல் சாலையிலுள்ள பலாத்தி வளைவிலிருந்து சுமார் 6 கி.மீ ஏறிச் சுமார் 3,500 மீட்டர் உயரத்தை அடையலாம். பாதை முதலில் ஓக் காட்டின் வழியாகவும், பின்னர் புராஞ்சு மரங்களின் ஊடாகவும் சென்று, இறுதியில் மரமற்ற புல்வெளியை அடைகிறது. உயர்மலைப் புல்வெளிகளைக் குமாவோனியில் புக்யால் என்பர். முகட்டிலிருந்து பஞ்சசூலியுடன் ராஜரம்பா, நந்தா கோட் முதலிய சிகரங்களும் தெரிகின்றன. பனி மிகுந்த குளிர்காலங்களில் இங்குப் பனிச்சறுக்கும் பயிற்றுவிக்கப்படுகிறது.

2018 ஆம் ஆண்டில் உத்தராகண்ட உயர்நீதிமன்றம் மாநிலத்தின் புக்யால்களில் இரவில் தங்குவதற்குத் தடை விதித்தது. கூடாரங்களும் குப்பையும் மெல்லிய மண்ணடுக்கைச் சிதைக்கின்றன என்பதே இதற்குக் காரணம். குளிர்மிகுந்த உயரங்களில் ஒருமுறை பெயர்ந்த புல்லடுக்கு மீண்டும் வளர நீண்டகாலம் ஆகும்.

தாம்ரி குண்டம்

காட்டினூடாகச் சில மணி நேரம் நடந்து அடையக்கூடிய மலைக்குளம். வழியிலுள்ள காடுகள் பறவை நோக்கலுக்கு ஏற்றவை. உள்ளூர் வழிகாட்டியுடன் செல்வது நல்லது.

மிலம் பனியாறு

ஜோகார் பள்ளத்தாக்கின் வழியே பழைய வணிகப் பாதையில் செல்லும் பல நாள் மலையேற்றம் இது. லீலம், புக்தியார், ரில்கோட், மார்த்தோலி, புர்பு ஆகிய ஊர்களின் வழியாக மிலத்தை அடையலாம். மிலம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. வழியெங்கும் 1962க்குப் பின் கைவிடப்பட்ட கல்வீடுகளின் சுவர்களைக் காணலாம். சில குடும்பங்கள் மட்டும் கோடையில் திரும்பி வந்து பயிரிடுகின்றன. ஊருக்கு அப்பால் சில கி.மீ தொலைவில் மிலம் பனியாற்றின் முகப்பு உள்ளது. சுமார் 16 கி.மீ நீளமுள்ள இப்பனியாறு, இமயமலையின் பிற பனியாறுகள் பலவற்றைப் போலவே பின்வாங்கி வருகிறது. எல்லைப் பகுதி என்பதால் இங்குச் செல்ல முன்சியாரியில் அனுமதி பெறவேண்டும்.

எல்லைச் சாலைகள் அமைப்பு முன்சியாரி-மிலம் சாலையை அமைத்து வந்துள்ளது. 2020 சூன் மாதத்தில் மண்வெட்டும் எந்திரத்தை ஏற்றிச் சென்ற சரக்குந்து கடந்தபோது இவ்வழியிலிருந்த இரும்புப் பாலம் ஒன்று இடிந்து விழுந்தது. சில நாட்களிலேயே அது மீண்டும் கட்டப்பட்டது. சாலை நீளும்தோறும் நடைப்பயணத்தின் தொலைவு குறைகிறது. மேலூர்களுக்குத் திரும்ப விரும்பும் குடும்பங்களுக்கு இது வசதியாகும். நடைவழியை நம்பியிருந்த வழிகாட்டிகளுக்கும் கழுதை ஓட்டுவோருக்கும் இது இழப்பாகும்.

நந்தா தேவி கிழக்கு

மார்த்தோலிக்கு அருகே பிரியும் லவான் பள்ளத்தாக்கின் வழியாக நந்தா தேவி கிழக்குச் சிகரத்தின் அடிவாரத்தை அடையலாம். 7,434 மீட்டர் உயரமுடைய இச்சிகரத்தில் 1939 ஆம் ஆண்டில் போலந்துக் குழுவினர் முதன்முதலாக ஏறினர். 2019 மே மாதத்தில் இச்சிகரத்துக்கு அருகே பெயரிடப்படாத ஒரு சிகரத்தில் ஏறிய எட்டு மலையேறுநர்கள் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தனர். இப்பகுதி முறையான பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது.

நமிக், ராலம்

முன்சியாரிப் பகுதியிலிருந்து நமிக், ராலம் ஆகிய பனியாறுகளுக்கும் மலையேற்றம் மேற்கொள்ளப்படுகிறது. கிழக்கு ராம்கங்கை ஆறு நமிக் பனியாற்றில் தோன்றுகிறது.

பறவை நோக்கல்

ஆற்றங்கரையிலிருந்து புல்வெளி வரை குறுகிய தொலைவிலேயே உயரம் பெரிதும் மாறுவதால் பலவகைப் பறவைகள் இங்குக் காணப்படுகின்றன. அவற்றுள் உத்தராகண்டத்தின் மாநிலப் பறவையான மோனல், கோக்லாசு முதலிய காட்டுக்கோழி இனங்களும், எலும்புண்ணிக் கழுகும், இமயமலைப் பிணந்தின்னிக் கழுகும் குறிப்பிடத்தக்கவை. ஊரில் மே மாதத்தை ஒட்டி நடைபெறும் இமால் கலா சூத்ரா விழாவில் பறவை நோக்கல், யோகம், உயர்மலை ஓட்டம் ஆகியவை இடம்பெறுகின்றன.

தாவரங்களும் விலங்குகளும்

ஊரை ஒட்டிய காடுகளில் ஓக் இனங்கள், புராஞ்சு, ரிங்கால் எனப்படும் மெல்லிய மூங்கில் ஆகியவை வளர்கின்றன. புராஞ்சு உத்தராகண்டத்தின் மாநில மரமாகும். இளவேனிலில் இது செந்நிற மலர்களால் நிறைகிறது; இம்மலர்களிலிருந்து பருகுநீர் தயாரிக்கப்படுகிறது. கோரி கங்கைப் பள்ளத்தாக்கு ஆர்க்கிட் செடிவகைகள் மிகுந்த பகுதியாகும்.

கேளையாடு, சிறுத்தை, இமயமலைக் கறுங்கரடி, சாம்பல் மந்தி ஆகியவை காடுகளில் உள்ளன. மாநில விலங்கான கஸ்தூரி மான் உயரமான பகுதிகளில் அரிதாகக் காணப்படுகிறது. இதன் நறுமணப் பொருளுக்காக நிகழ்ந்த வேட்டையே இவ்விலங்கு அருகியதற்கு முதன்மையான காரணம் ஆகும்.

மே, சூன் மாதங்களில் மலைமக்கள் உயர்புல்வெளிகளுக்குச் சென்று கீடா ஜடி என்னும் பூஞ்சையைத் தோண்டி எடுக்கின்றனர். இது மண்ணுக்குள் வாழும் புழுவின் உடலில் வளர்வது. சீன மருத்துவத்தில் மிகுந்த விலைபெறுவது. பல குடும்பங்களின் ஆண்டு வருவாயில் பெரும்பகுதி இதிலிருந்து கிடைக்கிறது. மிகையான சேகரிப்பால் இதன் விளைச்சலும் புல்வெளிகளின் நிலையும் பாதிக்கப்படுகின்றன.

உணவும் கைவினையும்

இப்பகுதியின் சிறுதானியங்களும் பயறுகளும் தமிழ்நாட்டினருக்கு அயலானவை அல்ல. மண்டுவா என்பது கேழ்வரகு. இதனால் ரொட்டி செய்கின்றனர். ஜங்கோரா என்பது குதிரைவாலி வகை. இதனால் பாயசம் செய்வர். கஹத் என்பது கொள்ளு. குளிர்காலத்தில் இதன் பருப்புக் குழம்பு விரும்பி உண்ணப்படுகிறது. பட்டு என்னும் கருநிற சோயா பயற்றால் செய்யப்படும் குழம்பும், சணல் விதைத் துவையலும் குமாவோனுக்கு உரியவை. ஜம்பு, கந்திராயணி ஆகிய உயர்மலை நறுமணப் பொருட்கள் தாளிப்பதற்குப் பயன்படுகின்றன. திபெத்துத் தொடர்பின் எச்சமாக உப்பும் வெண்ணெயும் சேர்த்த தேநீரும் அருந்தப்படுகிறது.

முன்சியாரி ராஜ்மா பயறு 2021 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அவ்வாண்டு போட்டியாக்களின் தன் எனப்படும் கம்பளி விரிப்பும், துல்மா எனப்படும் கம்பளிப் போர்வையும் இக்குறியீட்டைப் பெற்றன. கம்பளி நெசவு பெண்களின் தொழிலாகும்.

காலநிலை

மார்ச்சு முதல் சூன் வரை இதமான வெப்பநிலை நிலவும். புராஞ்சு மலர்வதும் இக்காலத்தின் தொடக்கத்திலேயே ஆகும். சூலை முதல் செப்டம்பர் இடைப்பகுதி வரை பெருமழை பெய்யும். நிலச்சரிவால் சாலைகள் அடைபடுவதும் உண்டு. செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரை வானம் தெளிந்திருப்பதால் சிகரங்களைக் காணவும் மலையேறவும் ஏற்ற காலமாகும். திசம்பர் முதல் பெப்ரவரி வரை இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்லும். பனிப்பொழிவு காளாமுனி வழியை மறிப்பதும் உண்டு.

போக்குவரத்து

அருகிலுள்ள பெரிய தொடர்வண்டி நிலையம் காத்கோதாம் ஆகும். அது ஏறத்தாழ 280 கி.மீ தொலைவில் உள்ளது. அங்கிருந்து அல்மோரா, பேரிநாக், தல், பிர்த்தி, காளாமுனி வழியாக முன்சியாரியை அடையலாம். மலைச்சாலை என்பதால் பயணம் ஒரு முழுநாள் எடுக்கும்; பலர் வழியில் ஓரிரவு தங்கிச் செல்கின்றனர். மாவட்டத் தலைநகரான பித்தோராகட் நகரம் சுமார் 130 கி.மீ தொலைவில் உள்ளது. பங்கீட்டு முறையில் இயங்கும் ஜீப்புகளே உள்ளூர் மக்களின் முதன்மையான போக்குவரத்து ஆகும்.

சிக்கல்கள்

இப்பகுதி நிலநடுக்கமும் நிலச்சரிவும் நிகழக்கூடிய இளமையான மலைப்பகுதி ஆகும். 2013 சூன் மாதம் உத்தராகண்டத்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தின்போது கோரி கங்கையும் கரைபுரண்டு மத்கோட் முதலிய ஆற்றோர ஊர்களுக்குச் சேதம் விளைவித்தது. கோரி கங்கையில் நீர்மின் திட்டங்களும் முன்மொழியப்பட்டுள்ளன.

சுற்றுலா வளர்ச்சியால் முன்சியாரியில் கட்டடங்கள் பெருகி, குடிநீர்த் தேவையும் குப்பையும் மிகுந்துள்ளன. கோடையில் பயணிகள் மிகுதியாக வரும் மாதங்களே ஊற்றுகளில் நீர் குறையும் மாதங்களும் ஆகும். வீடுகளில் தங்கும் பயணிகளுக்கும் விடுதிகளில் தங்கும் பயணிகளுக்கும் நீர் தருவது அதே மேற்சரிவுக் காடு தான். விருந்தினரைப் பெறும் குடும்பங்களுக்கும் பெறாத குடும்பங்களுக்கும் அக்காடு பொதுவானது என்பதால், சுற்றுலா வருவாயில் ஒரு பங்கு காட்டிற்குத் திரும்பச் செல்வது சர்மோலி முறையின் இன்றியமையாத கூறாகிறது. சாலை நீண்டு, பயணிகள் பெருகி வரும் சூழலில் இவ்வேற்பாடு தொடர்வதைப் பொறுத்தே ஊற்றுகளும் புல்நிலமும் ஊரின் எழிலும் நிலைக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

முன்சியாரி
பஞ்சசூலி
நயின் சிங் ராவத்
மிலம் பனியாறு
வன பஞ்சாயத்து
பித்தோராகட் மாவட்டம்